டர்பனிலிருந்து சென்னை எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் விடுமுறை நெருங்குகிறது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊருக்குப் போவதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, விமான தூரம், பயண நேரம் இரண்டுக்கும் மட்டும் பக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 74 வயது. எங்கள் முன்னோர் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஊரை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று அம்மா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இணையத்தில் தேடினால் டர்பன் சென்னை தூரம் 7,070 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 9 மணி 20 நிமிடம் என்று வருகிறது. டிராவல் ஏஜென்டோ பதினாறரை மணி நேரம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது? 9 மணி என்றால் அம்மா தாங்குவார், அதனால்தான் கேட்கிறேன். (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: அம்மா, ஏஜென்ட் சொல்வதை நம்புங்கள். இணையத்தில் வரும் அந்த 9 மணி 20 நிமிடம் பொய்யில்லை, ஆனால் அந்த நேரத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற விமானம் என்று ஒன்று இல்லை. அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கிவிடும். இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே பூமியின் மேல் ஒரு நேர்க்கோடு போட்டு அதன் நீளத்தை எடுக்கிறார்கள், அதை மணிக்கு 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர் என்ற சராசரி வேகத்தால் வகுக்கிறார்கள், ஏறவும் இறங்கவும் ஒரு அரை மணியைச் சேர்க்கிறார்கள். 7,070ஐ 805 ஆல் வகுத்தால் 8 மணி 47 நிமிடம், அரை மணி சேர்ந்தால் 9 மணி 17 நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் உண்டா என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை.

நேர் விமானம் கிடையாது. நம்மவர்கள் அதிகம் போகும் துபாய் வழியை எடுத்துக்கொள்வோம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து துபாய் சுமார் 6,630 கிலோமீட்டர், அங்கிருந்து சென்னை 2,930 கிலோமீட்டர், கூட்டினால் 9,560. நேர்க்கோட்டைவிட ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் அதிகம், ஏனென்றால் சென்னை இருக்கும் அட்சரேகையைத் தாண்டி வெகுதூரம் வடக்கே போய்விட்டுத் திரும்பித் தெற்கே இறங்குகிறீர்கள். டர்பன் துபாய் எட்டரை மணி, துபாய் சென்னை நான்கு மணி, நடுவே காத்திருப்பு நான்கு மணி என்று வைத்தால் பதினாறரை. ஏஜென்ட் சொன்னது சரியாக இதுதான்.

ஆனால் உங்கள் அம்மாவுக்காக நான் கவலைப்படுவது அந்தப் பதினாறரைக்கு வெளியே இருக்கும் நேரத்தைப் பற்றி. சாட்ஸ்வொர்த்திலிருந்து கிங் ஷாகா ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஏர்போர்ட் நகரத்துக்கு வடக்கே லா மெர்சியில் இருக்கிறது, நீங்களோ தெற்கே இருக்கிறீர்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். சென்னையில் குடியேற்றச் சோதனை, லக்கேஜ் எல்லாம் முடிய ஒன்றரை மணி. அப்புறம் வேலூர் 140 கிலோமீட்டர், சாலையில் மூன்று மணி என்று வையுங்கள். எல்லாம் சேர்ந்தால் 25 மணி நேரம், வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ஊரில் கால் வைக்கும் வரை ஒரு முழு நாளுக்கு மேல். 74 வயதில் இதைத் தாங்க முடியாது என்று நான் சொல்லவில்லை, தாங்கிய ஆயாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 9 மணி என்று மனசைத் தயார் செய்துவிட்டு 25 மணி உட்கார்ந்தால்தான் கஷ்டம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சென்னையில் இறங்கியதும் நேராக வேலூருக்குக் காரில் ஏறாதீர்கள், ஏர்போர்ட் பக்கத்திலேயே ஒரு இரவு தங்குங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், நடக்க முடிந்தாலும் கேளுங்கள், துபாயில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடக்கும் தூரம் சாதாரணம் இல்லை. காத்திருப்பு ஒன்றரை மணி நேரம்தான், சீக்கிரம் போய்விடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வயதானவரோடு மூன்றிலிருந்து ஐந்து மணி இடைவெளிதான் நல்லது, கழிவறைக்குப் போகலாம், ஏதாவது சாப்பிடலாம், காலை நீட்டலாம். விமானத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் பல மணி நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வயதோடு கூடுகிறது. இதய மருந்தோ ரத்த அழுத்த மருந்தோ சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்று, முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். துபாய் வரை ஒன்று, அங்கிருந்து வேறு நிறுவனத்தில் ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் பணம் மிச்சமாகலாம், ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகப் பொறுப்பேற்காது. 2025 ஜூன் 23ஆம் தேதி இரவு வளைகுடா நாடுகள் சில தங்கள் வான்வெளியைச் சில மணி நேரம் மூடின. அப்படி நடக்கும்போது ஒரே டிக்கெட் வைத்திருப்பவரை அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டிய கடமை விமான நிறுவனத்துக்கு வந்துவிடும். தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவர் புது டிக்கெட்டுக்குச் சொந்தப் பணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். டர்பன் சென்னை தூரத்தை ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. இந்தத் தூரத்தை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்? நானே கணக்குப் போட முடியுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்)

பதில்: முடியும் தம்பி, உன்னிடம் சைன், கொசைன் உள்ள கால்குலேட்டர் இருந்தால் போதும். யாரும் டேப் வைத்து அளக்கவில்லை, இரண்டு ஏர்போர்ட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து வரும் கணக்குதான் இது.

கிங் ஷாகா தெற்கே 29.61 பாகை, கிழக்கே 31.12 பாகை. சென்னை வடக்கே 12.99, கிழக்கே 80.17. தெற்கு என்றால் மைனஸ் போட வேண்டும், இதை மறந்தால் விடை தாறுமாறாகப் போகும். முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்கு: மைனஸ் 0.111 வரும். அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைனையும், தீர்க்கரேகை வித்தியாசமான 49.05 பாகையின் கொசைனையும், ஆக மூன்றையும் பெருக்கு: 0.555. இரண்டையும் கூட்டினால் 0.444. எந்தக் கோணத்தின் கொசைன் 0.444 என்று பார், 63.6 பாகை. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் டர்பனுக்கும் சென்னைக்கும் நடுவே இருக்கும் கோணம் அது. பூமியின் மேல் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர், பெருக்கினால் 7,070 கிலோமீட்டர் சொச்சம்.

இணையதளங்களுக்குள் ஏன் வித்தியாசம் என்றால், பூமி சரியான உருண்டை இல்லை. நடுப்பகுதியில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. சிலர் சராசரியாக 6,371 வைத்து உருண்டையாகவே போடுகிறார்கள், சிலர் தட்டையான துருவத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள், அதனால் பத்து இருபது கிலோமீட்டர் மாறும். சிலர் ஏர்போர்ட்டை விட்டுவிட்டு நகரத்தின் நடுவிலிருந்து கணக்கிடுகிறார்கள், அதிலும் கொஞ்சம் மாறும். 4,390 என்று எங்காவது பார்த்தால் அது மைல், 3,817 என்று பார்த்தால் அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், விமானிகள் பேசுவது அதில்தான்.

கணக்கோடு நிறுத்தாதே. பள்ளியில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து டர்பனிலிருந்து சென்னைக்கு இழுத்துப் பிடித்துப் பார், நூல் எந்த ஊர்கள் மேல் போகிறது என்பதில்தான் எனக்கு ரொம்பப் பிரியம். டர்பனை விட்டதும் கடல், அப்புறம் மடகாஸ்கரின் மேற்குக் கரையில் மொரொண்டாவா அருகே ஏறி, அந்தத் தீவைக் குறுக்கே கடந்து, வடகிழக்குக் கரையில் இறங்குகிறது. சரியாகப் பாதி வழி எங்கே வருகிறது தெரியுமா? மொரீசியஸ் நாட்டுக்குச் சொந்தமான அகலேகா தீவுகளுக்குப் பக்கத்தில். சின்னஞ்சிறு தீவுகள் அவை. இந்தியா அங்கே 3 கிலோமீட்டர் நீள ஓடுதளம் கட்டிக் கொடுத்து, 2024 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. அதன் பிறகு நூல் நிலநடுக்கோட்டைத் தாண்டி, மாலத்தீவுகளின் வடபகுதி மேல் போய், கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் கரையேறி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஏறத்தாழ பழனி வட்டாரத்தின் மேலாகச் சென்னையை நோக்கிப் போகிறது. தைப்பூசத்துக்கு இங்கே காவடி எடுக்கிற குடும்பங்களில் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், சொன்ன உடனே வரைபடத்தைக் கொண்டுவா என்பார்கள். நீயும் வகுப்பில் போட்டுக் காட்டு.

விமானம் இந்தக் கோட்டிலேயே அச்சுப் பிசகாமல் போகாது என்பதையும் தெரிந்துகொள். வானத்தில் குறித்து வைத்த பாதைகள் உண்டு, புயல் மேகத்தைச் சுற்ற வேண்டியிருக்கும், சில நாடுகளின் வான்வெளி மூடியிருக்கும். நீ கண்டுபிடித்த 7,070 என்பது மிகக் குறைந்த தூரம், அதைவிடக் குறைவாகப் பறக்க யாராலும் முடியாது.

கேள்வி: மகன் சிட்னியில் இருக்கிறான். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து போகும்போது ஏறக்குறைய 12 மணி, திரும்பி வரும்போது 14 மணி. ஒரே வழி, ஒரே விமானம், எப்படி இரண்டு மணி நேரம் கூடும்? அதோடு, விமானத் திரையில் பார்த்தால் அது அண்டார்டிகா பக்கம் வளைந்து போகிறது. சுற்றி வளைத்துத்தான் போகிறார்களா? (லெனேசியா வாசகர்)

பதில்: சுற்றி வளைக்கவில்லை அண்ணா, அதுதான் குறுக்கு வழி. மேலே அந்த மாணவருக்குச் சொன்ன நூலை ஜோஹன்னஸ்பர்க்குக்கும் சிட்னிக்கும் நடுவே இழுத்தால், அது தானாகவே தெற்கே நழுவி 50 பாகைத் தென் அட்சரேகை வரை இறங்கும். தட்டையான வரைபடத்தில் பார்ப்பதால்தான் வளைவாகத் தெரிகிறது. தூரம் சுமார் 11,000 கிலோமீட்டர்.

நேர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. தெற்கே அந்த அட்சரேகைகளில், விமானம் பறக்கும் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வருடம் முழுவதும் அடிக்கிறது. சிட்னிக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளுகிறது, வரும்போது முகத்தில் அடிக்கிறது. 11,000ஐ 12 ஆல் வகுத்தால் மணிக்கு 917, 14 ஆல் வகுத்தால் 786. காற்றுக்கு நடுவே விமானம் ஓடும் வேகம் ஒன்றுதான், தரைக்கு மேலே நகரும் வேகம்தான் மாறுகிறது. திரும்பும்போது விமானிகள் அந்தக் காற்றைத் தவிர்க்க வேறு அட்சரேகையைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு, கொஞ்சம் தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகும்.

அந்த வழியில் இன்னொரு தொல்லையும் வந்தது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆள் நடமாட்டம் இல்லாததால், ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டின் பாகங்கள் வளிமண்டலத்துக்குள் திரும்பி வந்து விழுவதற்கு அந்தக் கடலைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் தன் சிட்னி ஜோஹன்னஸ்பர்க் விமானங்கள் சிலவற்றை அதற்காகத் தாமதப்படுத்த வேண்டியிருந்தது. உங்கள் மகன் வரும் நாளில் விமானம் தாமதம் என்றால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வராது. நம் வழியில் தெற்கு வடக்காகப் போகும் பங்கு அதிகம், வெப்ப மண்டலத்தில் அந்த மேற்குக் காற்றின் வலுவும் குறைவு. அரை மணி முன்னே பின்னே, அவ்வளவுதான்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் போய் ஏறினால் சென்னைக்குத் தூரம் கூடுமா குறையுமா? (டோங்காட் வாசகி)

பதில்: நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய சமம் அக்கா, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து 7,100, டர்பனிலிருந்து 7,070. டோங்காட்டிலிருந்து கிங் ஷாகா கூப்பிடு தூரம், நீங்கள் ஜோஹன்னஸ்பர்க் போக வேண்டிய தேவை தேர்வுகள் அதிகம் என்பதற்காக மட்டும்தான். அங்கே போனால் பல நாட்டு விமானங்கள், பல வழிகள், சில நாட்களில் டிக்கெட் மலிவு. ஆனால் டர்பனிலிருந்து அங்கே போக ஒரு மணிக்கு மேல் பறக்கவும், அங்கே காத்திருக்கவும் நேரம் வேண்டும்.

ஓடுதள நீளத்திலும் இப்போது டர்பனுக்குக் குறை இல்லை. பழைய டர்பன் ஏர்போர்ட்டின் ஓடுதளம் சுமார் 2.4 கிலோமீட்டர்தான், நிறைய எரிபொருளோடு பெரிய விமானம் எழும்ப அது போதாது. 2010 மே 1ஆம் தேதி திறந்த கிங் ஷாகாவில் 3.7 கிலோமீட்டர். ஜோஹன்னஸ்பர்க்கில் 4.4 கிலோமீட்டர் ஓடுதளம் இருக்கிறதே, அது பெருமைக்காகக் கட்டியது இல்லை. அந்த ஏர்போர்ட் கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிந்திருப்பதால் என்ஜினின் உந்துவிசை குறைகிறது, எழும்ப அதிக வேகமும் அதிக நீளமும் வேண்டும். கோடை வெயிலில் இன்னும் மோசம். கடற்கரையில் இருக்கும் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

கேள்வி: அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போனால் தூரம் குறைகிறதே, எல்லோரும் ஏன் துபாய் வழியையே சொல்கிறார்கள்? (வெருலம் வாசகர்)

பதில்: தூரம் குறைவதென்னவோ உண்மை. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து அடிஸ் அபாபா வழியாகச் சென்னை சுமார் 8,600 கிலோமீட்டர், அதே இடத்திலிருந்து துபாய் வழியாக 9,300க்கு மேல். மொரீசியஸ் வழி இன்னும் நல்லது, டர்பனிலிருந்து கோடு போட்டால் 7,310 கிலோமீட்டர்தான், நேர்க்கோட்டைவிட 240 கிலோமீட்டரே அதிகம். வரைபடத்தில் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மொரீசியஸிலிருந்து சென்னைக்குத் தினமும் விமானம் ஓடுவதில்லை, பருவத்துக்குப் பருவம் நாட்கள் மாறும். நாள் பொருந்தாவிட்டால் தீவில் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டிவரும். தங்க மனசு இருக்கிறவர்களுக்கு அது நல்ல யோசனை, அவசரமாகப் போகிறவர்களுக்கு ஆகாது. துபாய் வழியை எல்லோரும் சொல்வது தூரத்துக்காக இல்லை, அங்கிருந்து சென்னைக்கு ஒரு நாளில் பல விமானங்கள் இருப்பதால், ஒன்று போனாலும் இன்னொன்று கிடைக்கும் என்பதற்காக.

எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அவை மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடுகள். ஏர்போர்ட்டை விட்டு வெளியே போய்த் தங்கினீர்கள் என்றால் இந்தியாவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், அது இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நீண்ட நேரம் தங்கினால் திரும்பி வரும்போது இங்கேயும் கேட்பார்கள். ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட வேண்டும், அதற்கு முன் சான்றிதழ் செல்லாது. ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். வயதானவர்கள் எல்லோரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாது, 60க்கு மேல் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள். 700 கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கப் போய் அம்மா அப்பாவின் உடம்பில் விளையாட வேண்டாம்.

கேள்வி: நான் மொரீசியஸில் ரோஸ் ஹில். அக்கா ரெயூனியனில் செயின்ட் டெனியில் இருக்கிறாள். 230 கிலோமீட்டர் பறக்க 45 நிமிடம் ஏன்? விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்றால் கால் மணி தானே ஆக வேண்டும்? (ரோஸ் ஹில் வாசகி)

பதில்: தங்கச்சி, முதல் பதிலில் சொன்ன அந்த அரை மணியைச் சேர்த்துப் பாருங்கள். 230 கிலோமீட்டருக்கு 17 நிமிடம், கூட 30, ஆக 47. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, எழும்புவது, வரிசையில் வந்து இறங்குவது எல்லாம் 200 கிலோமீட்டருக்கும் அதே நேரம்தான், 7,000 கிலோமீட்டருக்கும் அதே நேரம்தான். இந்த மாதிரிக் குறுகிய வழிகளில் இறக்கையில் விசிறி சுழலும் புரொப்பல்லர் விமானங்களும் ஓடுகின்றன, அவற்றின் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான், 800ஐத் தொடவே தொடாது. இரண்டு தீவுக்கும் கடிகாரம் ஒன்று என்பதால் டிக்கெட்டில் போட்ட நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கலாம். சென்னைக்கு அப்படிச் செய்யாதீர்கள். மொரீசியஸிலிருந்து சென்னை 4,450 கிலோமீட்டர், ஆறு மணி நேரப் பயணம், டிக்கெட்டில் கழித்துப் பார்த்தால் ஏழரை என்று தெரியும், ஒன்றரை மணி நேரம் இந்தியக் கடிகாரம் முன்னே ஓடுவதால்.

கேள்வி: டிக்கெட்டில் டர்பன் மாலை 6.30, சென்னை மறுநாள் மதியம் 2.30 என்று இருந்தால் 20 மணி நேரமா? (ஸ்டேங்கர் வாசகர்)

பதில்: இல்லை, பதினாறரை. டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் இருக்கும். இந்தியா நமக்கு மூன்றரை மணி முன்னே, அதனால் போகும்போது வரும் விடையில் மூன்றரையைக் கழியுங்கள், வரும்போது மூன்றரையைக் கூட்டுங்கள். துபாய் நமக்கு இரண்டு மணி முன்னே. நம் நாட்டிலும் இந்தியாவிலும் கோடைக்கு என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் வருடம் முழுவதும் இதே கணக்கு.

கேள்வி: எங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் இதே தூரத்துக்கு எத்தனை நாள் ஆனது? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இங்கே ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோ. 342 பேரோடு 1860 அக்டோபரில் சென்னையை விட்டுக் கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு வந்தது, ஏறக்குறைய ஐந்து வாரம். உங்கள் கொள்ளுத் தாத்தா வந்த கப்பல் வேறாக இருக்கலாம், கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன, அவருடைய ஒப்பந்த எண் வீட்டில் யாரிடமாவது இருந்தால் கப்பல் பெயரும் ஊரும் கிடைக்கும். அந்த எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு ஊருக்குப் போவது நல்லது, வேலூர் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு, எண்ணோடு வரும் தாலுகா பெயர் இல்லாமல் சரியான ஊரைக் கண்டுபிடிப்பது கடினம்.

கேள்வி: மதுரையில் இருக்கும் பெரியம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். ஏதாவது நடந்துவிட்டால் காரியத்துக்குள் போய்ச் சேர முடியுமா? எவ்வளவு சீக்கிரம் போகலாம்? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, அவர் குணமாக வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன், அன்றே எடுத்துவிடுவார்கள் என்றால் முடியாது. இன்று மாலை டர்பனில் ஏறினால் மதுரைக்குப் போய்ச் சேர நாளை மாலையோ இரவோ ஆகிவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு நிச்சயம் முடியும்.

ஆனால் உங்களைத் தாமதப்படுத்தப் போவது விமானம் இல்லை, விசா. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டில் போகிறவர் விசா இல்லாமல் இறங்க முடியாது, சுற்றுலா இ-விசாவுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் இப்போதே விண்ணப்பித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், செய்தி வரும் வரை காத்திருக்காதீர்கள். விசா கிடைப்பதற்குள் செய்தி வந்துவிட்டால் டர்பனில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு நேரில் போய் அவசர விசா கேளுங்கள், பெரியம்மாவின் மருத்துவமனைக் கடிதத்தை இப்போதே வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள், கையில் காகிதம் இருந்தால் பேசுவது எளிது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது சென்னை என்று மட்டும் தேடாதீர்கள், கொழும்பு, திருச்சி, திருவனந்தபுரம், கொச்சி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். துபாயிலிருந்து திருவனந்தபுரம், கொச்சிக்கு விமானங்கள் அதிகம், திருவனந்தபுரத்திலிருந்து மதுரை சாலையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம், திருச்சியிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். சென்னையில் இறங்கி அடுத்த உள்நாட்டு விமானத்துக்குக் காத்திருப்பதைவிடச் சில நாட்களில் அவை சீக்கிரமாக இருக்கும். திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பெரியம்மா நினைவோடு இருக்கும்போதே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வசதி இருந்தால், காரியத்துக்காகக் காத்திருக்காமல் இந்த மாதமே கிளம்புங்கள்.